மாப்பிள்ளை கேட்ட லினக்ஸ்

"லினக்ஸ் ஒண்ணு குடுப்பா. இருக்கறதுலயே ஒசத்தியா."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வெற்றிவேல், வேணுவை ஏற இறங்கப் பார்த்தான். மல்லாட்டை என்று ஊரில் சொல்கிற நிலக்கடலைக்கு மண்டி நடத்துகிற மனிதர், காய்கறி வாங்க வந்தவர் மாதிரி மஞ்சள் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அது விக்கற சாமான் இல்லண்ணே, கம்ப்யூட்டர ஓட்டற சாஃப்ட்வேர். நெட்லேந்து சும்மாவே எறக்கிக்கலாம். ஓசி."

வேணுவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஓசியா? ஏம்ப்பா, மாப்பிள்ளைக்குச் செய்யற சீர யாராவது ஓசியில செய்வாங்களா? எங்கள பாத்தா எப்டி தெரியுது? காசு போனா போவுது, நல்ல கம்பெனி லினக்ஸா எடு."

விஷயம் இதுதான். வேணுவின் மகள் சங்கவி உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். வருஷக்கணக்கில் வரன் பார்த்தார்கள். ஒன்று நட்சத்திரத்தில் தட்டிற்று, ஒன்று நிறத்தில் தட்டிற்று, ஒன்று பையனின் அத்தையின் வாயில் தட்டிற்று. சொந்தபந்தங்கள் வேணுவைப் பார்த்ததும் "இன்னும் ஒண்ணும் அமையலியா?" என்று கேட்பதற்காகவே கல்யாணங்களுக்கு வர ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் விழுப்புரத்திலிருந்து அரிபிரசாத்தின் ஜாதகம் வந்தது. பொருத்தம் பிரமாதம். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. இதை விட்டால் வேறு இல்லை என்று வேணு முடிவு கட்டிவிட்டார்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது, பையன் அவரை மட்டும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான்.

"நகைநட்டு எதுவும் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணு வீட்டு கம்ப்யூட்டர்ல லினக்ஸ்தான் இருக்கணும். அது இல்லாத வீட்ல நான் கை நனைக்க மாட்டேன். என் கொள்கை."

வேறொரு அப்பனாக இருந்தால், பையனுக்கு எங்கேயோ நட்டு கழன்றிருக்கிறது என்று கிடைத்த பஸ்ஸில் ஏறியிருப்பான். வேணு அந்த ஜாதி இல்லை. மாப்பிள்ளை வாயால் கேட்டது எதுவானாலும் அவருக்கு அது சீர்வரிசைதான். கட்டில் கேட்டால் கட்டில், பைக் கேட்டால் பைக், லினக்ஸ் கேட்டால் லினக்ஸ். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான பையனா என்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் தேவயானி கேட்டாள்: "லினக்ஸ்னா இன்னாங்க? புதுசா வந்த சாமியாரா?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதுடி. அதுக்கு மேல கேக்காத, எனக்கே தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெற்றிவேல் ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். "நாளைக்கு மத்தியானம் நானே வந்து போட்டுத் தர்றேண்ணே."

"மத்தியானம் ராகு காலம்ப்பா. காலைல நல்ல நேரத்துல நானே போட்டுக்கறேன். நீ போன்ல சொல்லு, போதும்."

மறுநாள் காலையில் தேவயானி குளித்துவிட்டு, பென்டிரைவை வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டாள். நெற்றி எது, வாய் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வாய்க்குள்ளேயே இட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் அதைச் சீந்தவில்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருக்க, வேணு சங்கவியின் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் லினக்ஸுக்குப் பல் விளக்கிவிட்டார்.

ஒருவழியாகத் திரையில் எழுத்து வந்தது. வேணு எழுத்துக்கூட்டிப் படித்து, போனில் சொன்னார்.

"பழசையெல்லாம் அழிச்சிட்டுப் போடட்டுமான்னு கேக்குது. இல்ல, பழசுக்குப் பக்கத்துலயே போடட்டுமாங்குது."

"பக்கத்துலண்ணே! பக்கத்துலன்னு குடுங்க!"

வேணு யோசித்தார். பக்கத்திலா? ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து பார்க்கும்போது பழசும் கூடவே உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்? ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரி ஆகிவிடாதா? புதுச் சம்பந்தம், எல்லாம் புதுசாகவே இருக்கட்டும் என்று அழிக்கிற பொத்தானை அமுக்கிவிட்டார்.

"அமுக்கிட்டேம்பா. ஜல்தியா அழிஞ்சிக்கினு வருது."

"அண்ணே," என்றான் வெற்றிவேல், "வேற எங்கயாவது காப்பி வெச்சிருக்கீங்களா?"

"காப்பி இப்பதாம்பா குடிச்சேன்."

மண்டிக்குப் பில் போடுகிற சாஃப்ட்வேர் போயிற்று. குடும்பத்தோடு திருவக்கரைக்குப் போய் வக்ரகாளியம்மனைக் கும்பிட்ட போட்டோக்கள் போயின.

"அந்தப் போட்டோ எல்லாமேவா?" என்று தேவயானி மாய்ந்து போனாள்.

"அம்மன் மனசுல இருக்கா தேவயானி. போட்டோவுலயா இருக்கா?"

சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்த சங்கவி, திரையைப் பார்த்து அலறினாள். "அப்பா, என் கொஸ்டின் பேப்பர் எல்லாம் இதுலதான் இருந்துச்சு! நாளைக்குக் குடுத்தாவணும்! எச்.எம். என்னைக் கிழிச்சிடுவாங்க!"

"எச்.எம். எங்க போயிடப் போறாங்க? மாப்பிள்ளை போயிட்டா வருவாரா?"

"அவ்ளோ ஆசையா இருந்தா நீங்களே அவருக்குக் கழுத்த நீட்டுங்க!"

அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அவள் அப்பனோடு பேசவில்லை. ஆனாலும் சீர் சீர்தானே? பெண்ணின் கோபம் கழுத்தில் தாலி ஏறினால் இறங்கிவிடும், மாப்பிள்ளையின் கோபம் இறங்குமா?

அடுத்து பிரிண்டர். வீட்டை ஒட்டியிருக்கும் மண்டிக்கு அதில்தான் பில் அடிக்க வேண்டும். அது புது மருமகளைப் பார்த்த மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெற்றிவேல் போனில் ஒரு கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னான். வேணு அடித்தார். ஓர் எழுத்தும் விழவில்லை. ஓங்கி அடித்தார். விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று புதுசு வாங்கி வந்தார். அதிலும் விழவில்லை. அதைவிட ஒசத்தியாக இன்னொன்று வாங்கி வந்தார். அதுவும் அதே கதை. மூன்றையும் தூக்கிக்கொண்டு வெற்றிவேலின் கடைக்கே சண்டைக்குப் போய்விட்டார்.

"கீபோர்டு நல்லாதான் கீதுண்ணே. பாஸ்வேர்டு அடிச்சா வெளிய தெரியாது. ஆனா உள்ள போய்க்கினுதான் இருக்கும்."

"வெளிய தெரியாம உள்ள அடிக்கறதுக்கு இது இன்னா லாக்கப்பாப்பா?"

பிரிண்டர் மசியவே இல்லை. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து மூட்டை கொண்டுவந்த விவசாயிகள் பில்லுக்காகக் காத்து நின்று கடுப்பானார்கள். வேணுவோ பேனாவால் பில் எழுதிக்கொண்டே பிரசங்கம் செய்ய ஆரம்பித்திருந்தார்.

"இது யாருக்கும் அடிமையில்லாத சாமான்யா. வைரசே வராது."

"மல்லாட்டைக்கு வருதே, அதுக்கு எதுனா இருந்தா சொல்லுங்க," என்றார் ஒருவர். "இல்லன்னா பில்ல குடுங்க, பஸ்ஸு போயிடும். ஒரே பேஜாரா கீது உங்களோட."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிர் மண்டி சக்கரபாணியிடம் போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். ஊரே அந்தப் பக்கம் சாய்வதைப் பார்த்துக்கொண்டு வேணு காலி மண்டியில் உட்கார்ந்திருந்தார். போகட்டும், என் பெண் கரையேறினால் போதும் என்று தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தின் நடுவில் கம்ப்யூட்டருக்கு ஸ்டூல் போட்டு, பட்டுத்துண்டு விரித்து, மல்லிகைச் சரம் சாத்தியிருந்தது. திரையில் லினக்ஸின் சின்னமான பென்குவின் ஒன்று தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றது. தேவயானி அதற்கு ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்திருந்தாள்.

விழுப்புரத்திலிருந்து காரில் வந்து இறங்கியவர்கள் மூன்று பேர். அரிபிரசாத், அவன் அம்மா ஜெயம்மாள், சித்தப்பா பெரியதம்பி. பெரியதம்பி உட்கார்ந்த வேகத்தில் பஜ்ஜித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். பஜ்ஜியைத் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை.

வேணு பெண்ணைக்கூடக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஸ்டூல் பக்கம் இழுத்துப் போனார். "பாருங்க மாப்ள. நீங்க சொன்னது. முழுசா. பழசு ஒரு சொட்டு இல்ல."

அரிபிரசாத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "நெஜமாவே... போட்டுட்டீங்களா சார்?"

"சார் இன்னா சார், மாமான்னு கூப்பிடுங்க. நானே என் கையால போட்டேன்."

"இல்ல... இதுல பல தினுசு இருக்கு. நான் சொன்னது வேற..."

"எந்த தினுசு வேணும், சொல்லுங்க. அதையும் போட்டுடறேன். இன்னொரு கம்ப்யூட்டர் வேணா வாங்கி, ரெண்டுத்துலயும் போட்டுடறேன்!"

பையன் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். வெயில் ஒன்றும் அப்படி இல்லை. ஜெயம்மாள் மட்டும் பூரித்துப் போயிருந்தாள்.

"எம் புள்ள பேச்சுக்கு இம்மாம் மரியாத குடுத்த வீடு இதாங்க. போன எடத்துல எல்லாம் இவன் வாயத் தொறந்ததும் எங்கள ஒரு மாதிரியா பாத்தாங்க. பொண்ண கூப்புடுங்க சம்பந்தி, இன்னிக்கே தட்ட மாத்திக்கலாம்."

சம்பந்தி! அந்த ஒரு சொல்லில் போன போட்டோக்கள், போன வியாபாரம், மகளின் கோபம் எல்லாம் வேணுவுக்கு மறந்தே போயிற்று. சங்கவி பட்டுப்புடவையும் கடுகடுத்த முகமுமாக வந்து நின்றாள். தேவயானி தாம்பூலத் தட்டை எடுத்தாள். மாப்பிள்ளை வாசலைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கடைசியில் பென்குவினைப் பார்த்தான்.

அப்போதுதான் பெரியதம்பி, வாயில் இருந்த பஜ்ஜியை விழுங்கிவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"டேய் அரி, போன வூட்ல எல்லாம் இந்த லினக்ஸ சொல்லித்தானே பொண்ணு வூட்டுக்காரங்கள வெரட்டி வுட்டுக்கினு இருந்த, இந்த மனுஷன் நெஜமாவே போட்டு வெச்சிட்டாரே, இப்ப நீ லவ் பண்ற அந்த வளவனூர்ப் பொண்ணுக்கு இன்னாடா பதில் சொல்லப் போற?"