மதகடி வீரனின் துப்பாக்கி

"சாமிக்கு முழங்கை விட்டுப்போச்சுக்கா" என்றார் சிலை செய்யும் தமிழ்மாறன், ஏணி உச்சியில் நின்றுகொண்டு.

கீழே நின்ற காளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குடமுழுக்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. மதகடி வீரனுக்குக் கை உடைந்தது என்று தெரிந்தால் போதும், மேலத்தெருவில் பாயசம் வைத்துக் கொண்டாடுவார்கள்.

"ஏன் விட்டுச்சு?"

"துப்பாக்கி கனம்க்கா. நான் அப்பவே சொன்னேன்."

"நீ எப்பவும்தான் சொல்லுவ. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லு."

சாமி கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

குடவாசல் பக்கத்தில் ஒரு ஊர். வாய்க்கால் மதகடியில் இரண்டாள் உயரத்தில், சிமெண்டில் மீசை முறுக்கி உட்கார்ந்திருப்பவர் வீரன். கீழத்தெருவுக்குக் காவல்சாமி. மேலத்தெருவுக்கு ஐயனார். அந்தக் காலத்திலிருந்து ஒரு கட்டுப்பாடு: வீரனின் அருவாள் ஐயனாரின் அருவாளைவிட ஒரு விரல்கூட உயரக் கூடாது. கீழத்தெரு முழுக்க மேலத்தெரு வயலில் கூலிக்கு நட்ட காலத்துச் சட்டம் அது. இப்போது கீழத்தெருவில் சொந்த நிலம் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, ஒரு பல் டாக்டர்கூட இருக்கிறார். அருவாள் மட்டும் வளரவேயில்லை.

திருப்பணி தொடங்கியதும் மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது. அனுப்பியவர் ரைஸ்மில் சாவித்திரியம்மா. "அருவா பழைய அளவுதான் இருக்கணும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

காளியம்மாள் வார்டு மெம்பர். திருப்பணிக் கமிட்டிக்கும் அவள்தான் தலைவி. கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு நன்றாகவே இறங்கியது.

"அருவாதானே உசரக் கூடாது? உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு. எங்க சாமிக்கு அருவாளே வேணாம்."

மறுநாள் கமிட்டியில் துப்பாக்கி முடிவாயிற்று.

மாடல் பிடித்துக் கொடுத்தவன் அவள் மகன் பரிதி. குடவாசலில் பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"இது செமி ஆட்டோமேட்டிக்மா. ஒவ்வொரு தடவையும் நாம லோடு பண்ண வேணாம். விசையை இழுக்க இழுக்க ஒவ்வொண்ணா வரும்."

"அதென்ன பாதி? முழுசா செய்யச் சொல்லு."

"முழுசு மிலிட்டரிக்குத்தாம்மா."

"நம்ம சாமி என்ன, மிலிட்டரியவிட மட்டமா?"

"சாமிக்கு அவசரமே இல்லையேம்மா. ஒவ்வொண்ணாச் சுட்டாப் போதாதா?"

அது நியாயமாகப் பட்டதால் விட்டுக்கொடுத்தாள்.

தமிழ்மாறன் கம்பி கட்டி, சிமெண்டு பூசி, வெள்ளி பெயிண்ட் அடித்து வீரன் கையில் கொடுத்தார். அன்றைக்கே ரேஷன் கடையில் சாவித்திரியம்மா எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டார்: "அது என்ன, உலக்கைக்கு வெள்ளிப் பூணா?"

விடுவாளா காளியம்மாள்? பிளாஸ்டிக் குழாயை அறுத்து, பூதக்கண்ணாடி பதித்து, மேலே தொலைநோக்கி ஏறியது. கீழே வாழைப்பூ கனத்தில் தோட்டாப் பெட்டி ஏறியது. தோளில் மாட்ட டிராக்டர் பெல்ட்டில் வார் ஏறியது. எல்லாம் ஏறியபின் முழங்கை விட்டது.

"முட்டுக் குடுத்துரலாம்மா" என்றான் பரிதி. "துப்பாக்கிக்கே முன்னால ரெண்டு கால் உண்டு. பைபாடுன்னு பேரு."

கால் வைத்தார்கள். அது இறங்க வேண்டிய இடத்தில் வீரனின் நாய் நின்றது. நாயும் சிமெண்டுதான். கடப்பாரை போட்டு நெம்பி முன்னால் நகர்த்தினார்கள். எல்லாரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"அக்கா" என்றார் தமிழ்மாறன். "சாமி நாயச் சுடப்போறாரு."

குழல் நேராக நாயின் நெற்றிப்பொட்டில் நின்றது. நாயோ வாலை ஆட்டியபடி, நாக்கைத் தொங்கப்போட்டு, நன்றியோடு குழலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"கைய எப்படியும் புதுசாப் பூசணும். அப்படியே திருப்பிப் பூசு" என்றாள் காளியம்மாள்.

"வலப்பக்கம் திருப்புனா பஸ் ஸ்டாப்புக்கா. ஜனங்க நிக்கிற இடம்."

"அப்ப இடப்பக்கம் திருப்பு."

திருப்பினார். சிமெண்டு காய்ந்தது. பரிதி ஏணியில் ஏறித் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தான். அவசரமாக இறங்கி வந்தான்.

"அம்மா, மேலத்தெரு தெரியுது."

"தெரியட்டுமே."

"சாவித்திரியம்மா வீட்டு மொட்டை மாடி தெரியுது. அவங்க வடகம் காய வைக்கிறாங்க. கசகசா போட்ட வடகம்."

தமிழ்மாறன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, வம்பே வேணாம். இடிச்சிட்டு அருவாளையே வச்சுரலாம். உசரத்தை வேணும்னாக் கொஞ்சம்..."

"தமிழு." குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு அந்தத் தெருவைத் தாண்டுன ஆளு. இன்னிக்கி என் சாமி எந்தப் பக்கம் பாக்கணும்னு நான் அவங்களக் கேக்கணுமா? பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். இன்னொண்ணு. இந்த வெள்ளி பெயிண்ட் எனக்குப் பிடிக்கல."

பரிதி கடையைப் பூட்டிவிட்டு வந்தான். பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, அதன்மேல் நாற்றுப் பச்சையும் சேற்று நிறமுமாக மிலிட்டரி ஸ்டிக்கர் சுற்றி, மிச்சத்தைச் சாமிக்கும் ஒட்டினான். இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் சாமி தெரியவில்லை, துப்பாக்கியும் தெரியவில்லை. வயலுக்கு நடுவே தொலைநோக்கிக் கண்ணாடி மட்டும் மினுக்கென்றது. மினி பஸ் டிரைவர் மதகடியில் நிறுத்தவே மறுத்தான். இறங்க வேண்டியவர்களை ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டுப் பறந்தான்.

"சாமி தெரிய ஒரு லைட்டு வைடா" என்றாள் காளியம்மாள்.

வைத்தான். குழலுக்கு அடியில் சோலார் லைட்டு, ஆள் நடமாட்டம் பார்த்துத் தானே எரியும் வகை. பொழுது சாய்ந்ததும் வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த பால்காரர் அன்சார் முகத்தில் பளீரென்று அடித்தது. அவர் பால்கேனைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். பின்னால் வந்தவர்களும் எதற்கும் இருக்கட்டுமென்று தூக்கினார்கள். அன்றிலிருந்து மதகடியைத் தாண்டுகிற எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டே தாண்டினார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பெரிய பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

லைட்டு வெளிச்சம் சாவித்திரியம்மா மாடிவரை போயிற்று. அவரும் தினம் மாடிக்கு வந்து நின்றார். போனைத் தூக்கிப் படம் எடுத்தார். கிட்டத்தில் இழுத்து எடுத்தார், குனிந்து எடுத்தார்.

"சாட்சி சேர்க்குறாங்கம்மா" என்றான் பரிதி. "போலீஸ்தான் அடுத்தது."

"வரட்டும். நான் என்ன கஞ்சாவா விக்கிறேன்?"

குடமுழுக்குக்கு முதல் நாள் காலை ஜீப் வந்தேவிட்டது. முன்னால் எஸ்.ஐ. மாலதி. பின்சீட்டில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, விறைப்பாகச் சாவித்திரியம்மா.

கீழத்தெரு மொத்தமும் மதகடிக்கு ஓடியது. களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலோடு வந்தார்கள். பல் டாக்டர் கிளினிக்கைப் பாதியில் விட்டு வந்தார். ஒரு நோயாளி வாயில் பஞ்சோடு பின்னாலேயே வந்தார். பெண்கள் கைகோத்து வீரனைச் சுற்றி நின்றார்கள். காளியம்மாள் பீடத்தின்மேல் ஏறிக் குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாளைக்கு இந்தக் கை வெறுங்கையாக நின்றால் அப்புறம் எந்தக் காலத்திலும் இந்தத் தெரு நிமிராது என்று அவளுக்குத் தெரியும்.

"கீழ இறங்குங்கம்மா, பேசணும்" என்றார் மாலதி.

"என்னத்தப் பேசணும்? சிமெண்டுக்கு லைசென்ஸ் கேக்கப்போறீங்களா?"

"லைசென்ஸ் எதுக்கும்மா? நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ரொம்ப நாள் நீங்கல்லாம் சொல்லி நாங்க கேட்டாச்சு! அருவா உசரக் கூடாதுன்னீங்க, சரின்னோம். இப்ப இதுவும் கூடாதா? இதுல கை வைக்கணும்னா மொதல்ல என்னைய ஜீப்ல ஏத்துங்க!"

"எங்களயும் ஏத்துங்க!" என்று சுற்றிலும் குரல் எழுந்தது. வாயில் பஞ்சு வைத்திருந்தவர்கூட என்னவோ கத்தினார். கலவரத்தில் சோலார் லைட்டு பகலிலேயே எரிந்து, மாலதியின் முகத்தில் அடித்தது. அவரையும் அறியாமல் கை பாதிவரை உயர்ந்துவிட்டது.

பின்சீட்டிலிருந்து சாவித்திரியம்மா தலையை நீட்டி, "சீக்கிரம் கேளுங்க மேடம்" என்று முணுமுணுத்தார்.

"பாத்தீங்களா! ஏவி விடுறத!" என்றாள் காளியம்மாள்.

மாலதி தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"அய்யோ, நாங்க எடுக்க வரலைம்மா! தனியா வந்தா அடிப்பீங்கன்னு பயந்து சாவித்திரியம்மா பந்தோபஸ்து கேட்டு வந்திருக்காங்க. செஞ்சவரு நம்பர் வேணுமாம், அவங்க ஐயனாருக்கும் இதே துப்பாக்கிதான் வைக்கணுமாம், ரெண்டு கையிலயும்!"