கீற்றருக்கு மேல் மூன்றாம் ஆணி

உலகத்துச் சந்தேகங்களில் பாதியைக் கடவுள் மனிதர்களுக்குப் பங்கிட்டுவிட்டு, மீதியை அம்பயர் அண்ணையிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டார். வானொலியில் மழையில்லை என்றால் குடையோடு புறப்படுவார். மழை வரும் என்றால், குடைக் கடைக்காரன் காசு கொடுத்துச் சொல்ல வைத்திருக்கிறான் என்பார். பாலை முகர்ந்து பார்ப்பார். பிறகு பால் வாங்கி வந்தவனையும் முகர்ந்து பார்ப்பார்.

எண்பதுகளில் பாரிசின் லா சப்பலில் ஐந்தாம் மாடி அறையொன்றில் அவரோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஒருவரிடமும் ஒழுங்கான விசா இல்லை. அறையைச் சூடாக்க ஒரேயொரு கீற்றர். அதற்கு மேலே மூன்று ஆணிகள். அங்கே கொழுவிய கோட்டு காலையில் இதமான சூட்டோடு இருக்கும். மற்றவர்கள் நிலத்தில் கிடந்த ஈரக் கோட்டுக்குள் நடுங்கியபடி நுழைந்து வேலைக்குப் போகவேண்டும். ஆணி யாருக்கு என்ற சண்டையை அம்பயர் அண்ணைதான் தீர்த்துவைத்தார். ஊரில் எல்லே விளையாட்டில் பெரிய வீரனாக இருந்தவனுக்கே ஆணி!

எல்லே என்றால் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு. அதன் பணக்காரச் சொந்தமான பேஸ்போலுக்கு அமெரிக்காவில் புகழ் மண்டபமே கட்டியிருக்கிறார்களாம். எங்களுக்கு வாய்த்தது மூன்று ஆணி. ஆனால் பாரிசில் வந்து இறங்கியவர்களில் ஊரில் சம்பியனாக இல்லாதவன் ஒருவனும் இல்லை. அதனால் அண்ணை ஒரு சட்டம் போட்டார்: எதிரணிக்காரன் வந்து சாட்சி சொல்லவேண்டும். இரண்டு பேர் புறநகரான எபினே-சூர்-செய்னிலிருந்து பழைய எதிரிகளைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஆணி வென்றார்கள். மூன்றாவது காலியாகவே இருந்தது.

ஞாயிறு தோறும் விசாரணை. மன்னாரிலிருந்து வந்ததால் 'மன்னார்' என்றே பெயர்பெற்றவன் ஒருநாள் எழுந்தான்.

"அண்ணை, நான் அடிச்ச பந்து கடலுக்கை போய் விழுந்தது."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சது?"

"அது ஞாபகமில்லை."

"அப்ப ஆணியைக் காத்துக்குத்தான் குடுக்கவேணும். பந்தை ஆரும் எடுத்தவையே?"

"கடலுக்கை போனதை ஆரண்ணை எடுக்கிறது?"

"சாட்சியும் கடலுக்கை. இரும்."

மன்னாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் எந்தப் பள்ளிக்கு அடிச்சனீங்கள்?"

"எதிர்ப்பக்கத்தான் வரட்டும். அவன் சொல்லுவான்."

அவருக்கும் ஆணி கிடையாது. தன் கோட்டை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார்.

அந்த ஞாயிறு சத்தம் கூடிவிட்டது. பிரெஞ்சில் 'எல்லே' என்றால் 'அவள் இருக்கிறாள்' என்பது போல் காதில் விழும். ஆறு ஆண்கள் வாராவாரம் "அவள் இருக்கிறாள், அவள் இருக்கிறாள்" என்று கத்தினால் கீழ்மாடி மதாம் என்ன நினைப்பார்? மூச்சிரைக்க ஏறிவந்து கதவைத் தட்டினார்.

"எல்லே ஊ?" அவள் எங்கே?

அம்பயர் அண்ணை கண்ணைச் சுருக்கினார். "இந்த மனிசிக்கு எல்லே எப்பிடித் தெரியும்? எந்தப் பள்ளிக்கூடமெண்டு கேளடா."

உணவகத்தில் கோப்பை கழுவியதில் மன்னார் கொஞ்சம் பிரெஞ்சு பிடித்திருந்தான். அவன் மொழிபெயர்த்தான். "நாங்கள் ஒரு பொம்பிளையை ஒளிச்சு வைச்சிருக்கிறமாம் அண்ணை. வீட்டுக்காரனிட்டைச் சொல்லப்போறாவாம்."

அந்த அறை போனால் விசா இல்லாத ஆறு பேருக்கு வேறு யார் அறை தருவார்கள்?

அண்ணை மூலையில் கிடந்த, அறை கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தார். "கீழை முற்றத்துக்கு வரச்சொல்லு. எல்லே எதெண்டு காட்டுறன்."

கீழே மன்னார் பழைய டெனிஸ் பந்தை எறிந்தான். அண்ணை தடி பிடித்து நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. வீசினார். தும்புத்தடி இரண்டாக முறிந்தது. பந்து ஐந்து மாடியையும் தாண்டி, கூரைப் புறாக்களைக் கலைத்துக்கொண்டு மறைந்தது.

மதாம் அண்ணாந்தபடி நின்றார். "எல்லே பார்த்தி!"

"என்னவாம்?" என்றார் அண்ணை சந்தேகத்தோடு.

"அவள் போயிட்டாளாம் அண்ணை! பிரெஞ்சிலை பந்தும் பொம்பிளைதான்."

மதாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அறை பிழைத்தது.

மேலே வந்ததும் மன்னார் விடவில்லை. "எங்களை எதிர்த்து வந்தது அவதானே? எதிர்ப்பக்கச் சாட்சி! ஆணி உங்களுக்குத்தான்."

"அவ கண்ணாடி போடேல்லை. செல்லாது."

அவர் குளிக்கப் போன நேரம் மன்னார் அவருடைய கோட்டை எடுத்து மூன்றாம் ஆணியில் கொழுவினான். அவன் மாதக்கணக்காக ஆசைப்பட்ட அதே ஆணி.

"ஆர் கொழுவினது?" என்றார் குளித்துவிட்டு வந்த அண்ணை.

ஆளாளாகக் கூப்பிட்டு விசாரித்தார், துப்புத் துலங்கவில்லை. கடைசியில் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடாத்தான் கிடக்கு" என்றார், அதையும் நம்பாதவர் போல. பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போது என் வீட்டில் அறைக்கு அறை கீற்றர். ஒன்றுக்கு மேலே ஓர் ஆணி அடித்திருக்கிறேன், ஆனால் என் கோட்டை அதில் கொழுவுவதில்லை. எனக்கு எதிரணிச் சாட்சி இன்னும் கிடைக்கவில்லை. அதோடு, அம்பயர் அண்ணை திடீரென்று வந்து நின்றால் அவருடைய கோட்டுக்கு இடம் வேண்டுமே.