சபை வரன்களைப் பற்றி நான் எழுதி வைத்த குறிப்பு

மம்சாபுரம்,
சனிக்கிழமை.

தம்பி மகன் சாம்சனுக்கு தங்கபாய் அத்தை எழுதுவது. கர்த்தர் காப்பில் நானும் மாமாவும் ஜெபாவும் சுகமாக இருக்கிறோம். சென்னையில் நீயும் அப்படியே இருப்பாய் என்று விசுவாசிக்கிறேன்.

ஏலே, நம்ம சபைக்கு வரன் பாக்குற வெப்சைட்டு செஞ்சு குடுத்தப்போ என்ன சொன்ன? "ஒவ்வொரு பேருக்கு நேராவும் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு அத்தை, மனசுல உள்ளத எழுதுங்க, உங்களுக்கு மட்டும்தான் தெரியும்"னு சொன்னியா இல்லையா? நம்பி எழுதினேன். பொய் எழுதினா பாவம்லா, அதனால உள்ளது உள்ளபடி எழுதினேன். போன வாரம் போன்ல பாக்குறதுக்குன்னு நீ எதையோ மாத்துன, மறுநாளே அம்புட்டுக் குறிப்பும் ஊர்ல எல்லார் போன்லயும் வந்து நிக்குது. பொறந்த தேதிக்குப் பின்னாடி வேற சைபரா வரிசை கட்டுது. சபைப் பிள்ளைக அத்தன பேரும் ராத்திரி சரியா பன்னெண்டு மணிக்குத்தான் பொறந்துச்சாம். நர்ஸ் பிரிஸ்கில்லா, "பாதிப் புள்ளைக்கு நான்தான பிரசவம் பாத்தேன், எல்லாம் பகல்ல பொறந்தது"ன்னு சண்டைக்கு வாரா.

அது கெடக்கட்டும். இன்னைக்கு என் மக ஜெபாவப் பொண்ணு பாக்க ராஜபாளையத்துல இருந்து வாரதா இருந்தாவள்ல, அந்த மாப்பிள்ளையோட அம்மா காலையில போன் பண்ணி, "எம்மவன் பேருக்கு நேரா, போட்டோ பழசு, முடி பாதி போயிட்டு, தாயார் வாயத் தொறந்தா சத்திரப்பட்டி வரைக்கும் கேக்கும்னு எழுதிருக்கிய, நாங்க வரல"ன்னு வச்சிட்டாவ. அவிய பேசினது அடுத்த தெருவுக்கே கேட்டுச்சு.

உன்னக் கேட்டா, "டேட்டாபேஸ்ல உள்ள விவரத்த ஜேசன்ங்கிற வடிவமா மாத்தித்தான் போனுக்கு அனுப்பணும் அத்தை, எந்தெந்தக் கட்டம் போகணும்னு எழுத மறந்துட்டேன், அதான் ஃபிரேம்வொர்க்குங்கிற மென்பொருள் தானாவே மொத்தத்தையும் அனுப்பிருச்சு"ங்குற. வந்தவியளுக்குக் காப்பி குடுன்னா அடுப்பங்கரையவே தூக்கிட்டு வந்து முன்னால வைக்கிறதா, ஏலே? மெஷின் மேல பழி போடாத. பேரு, படிப்பு, வேலை, ஊரு, இம்புட்டுத்தான் வெளிய போகணும்னு எழுது. தேதிய மனுசன் வாசிக்கிற மாதிரி எழுது. அந்தக் குறிப்புக் கட்டத்த அடியோட மூடு. என் மக கல்யாணம் உன்னாலதான் நின்னுச்சு, அத மறந்துராத.

ஞாயித்துக்கிழமை ஜெபத்துல உன் பேர நான் விட்டதே இல்ல. நாளைக்கும் சொல்லுவேன், கொஞ்சம் சத்தம் கம்மியா.

கர்த்தர் உனக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் தரட்டும்.

அன்புள்ள அத்தை,
தங்கபாய்

பின்குறிப்பு: மத்தவிய குறிப்பு எல்லாத்தையும் மூடிரு, ஜெபா பேருக்கு நேரா உள்ளத மட்டும் மூடாத. "இவள என் தம்பி மகன் சாம்சனுக்குத்தான் குடுக்க ஆசை, அவனா வந்து கேக்கட்டும்"னு எழுதி நாலு மாசம் ஆச்சு. சபையே வாசிச்சிட்டு, நீ ஒருத்தன்தான் வாசிக்கல. ஜெபாவும் வாசிச்சா. கோவப்படல.