ரெண்டு ஆளு ஏறுனா சூடாவற எஞ்சின்

சத்தமே இல்லாம கொஞ்ச நேரம் குந்தணும்னு ஒரு மனுசன் ஆசைப்படறது தப்பா? குணாவைக் கேட்டா தப்பே இல்லம்பான். கும்மிடிப்பூண்டி கம்பி மில்லுல அவன் ஃபிட்டரு. ஷிப்ட் முழுக்க ரோலரு கத்தும். ஊட்டுக்கு வந்தா திலகவதி பேசுவா. ரோலருக்காவது ஷட்டவுன் உண்டு.

அதுக்காகத்தான் அந்தப் பாய்ப்படகு. பழைய இரும்பு லாரியில வந்து, உருக்கறதுக்கு ஒடம்புல இரும்பே இல்லாத ஃபைபருன்னு மில்லு மூலையில கவுந்து கெடந்தது. பாய்மரம் ஒண்ணு, வயித்துக்குள்ள டீசல் எஞ்சின் ஒண்ணு. கெஞ்சிக் கேட்டு வாங்கி, பழவேற்காடு ஏரியில கொண்டாந்து எறக்கினான். முகத்துவாரத்தத் தாண்டணும். கடல்ல ஒத்தையில குந்திக்கினு எதையுமே கேக்காம இருக்கணும். தூங்கும்போது கூட அவனுக்கு அதே நெனப்பு.

"நானும் வர்றேன்யா," ன்னா திலகவதி.

"நீ எதுக்கு?"

"எதுக்கா? நான் பொறந்ததே பழவேற்காடுயா. எங்க நைனா படகுல பாய் இஸ்துக் கட்டனவ. கண்ணாலம் கட்டி மில்லு பொகையில கொண்டாந்து வெச்ச. கடலைப் பாத்து எத்தினி வருசமாச்சு தெரியுமா?"

குணா யோசிச்சான். பொண்டாட்டி கிட்ட பொய் சொன்னா டெக்னிக்கலா சொல்லணும்.

"ரெண்டு ஆளு ஏறுனா எஞ்சின் சூடாயிடும், திலகா. லோடு தாங்காது."

"அப்டியா?"

"எஞ்சின் மேட்டரு. உனுக்குப் புரியாது."

திலகவதி ஒண்ணும் பேசல. அங்கயே அவன் உஷாராயிருக்கணும். ஆகல. படிச்ச ஃபிட்டராச்சே.

ஞாயித்துக்கெழம அவளே சாப்பாடு கட்டிக் கொண்டாந்தா. படகுக்குள்ள எறங்கி, ஆறாம இருக்கட்டும்னு கேரியரை எஞ்சின் பக்கத்துல வெச்சா. கரையேறி டாட்டா காட்டினா. பாதி ஏரி தாண்டல, சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போச்சு. புஸ்ஸுனு ஆவி. பக்கத்துப் படகுக்காரர் அப்பாவு வந்து கயிறு கட்டி இஸ்துக்கினு வந்தாரு. காலி கேரியரை எடுக்க திலகவதியே மறுபடியும் உள்ள எறங்கினா.

இந்த எஞ்சின் ஏரித் தண்ணியில தான் ஜில்லாவும். அடியில கீற ஓட்டை வழியா தண்ணிய உறிஞ்சி, சூட்டை வாங்கிக்கினு, பின்னாடி பொகையோட துப்பும். துப்பற தண்ணி கம்மியா கீது. ஏன்?

குணா தேடினான். வடிகட்டியில பாசி அடைச்சுக்கிச்சா? இல்ல. பெல்ட்டு? டைட்டு. பம்புல கீற ரப்பர் சக்கரம்? புதுசு மாத்தினான். தெர்மோஸ்டாட்ட பால் குண்டான்ல போட்டுக் கொதிக்க வெச்சான். சுடுதண்ணியில அது வாயத் தொறந்தா நல்லதுன்னு அர்த்தம். தொறந்துச்சு. கூடவே திலகவதியும் தொறந்தா.

"பால் காச்சற குண்டான்லயா?"

கரையில கட்டி ஓட்டிப் பாத்தா ஐஸு மாதிரி ஓடுது. ஞாயித்துக்கெழம தண்ணியில எறங்குனா ஆவி. அடுத்த வாரமும் ஆவி. அப்பாவு கயிற சுருட்டக்கூட இல்ல, கையிலயே வெச்சுக்கினு நின்னாரு.

திலகவதி தான் மெல்லமா எடுத்துக் குடுத்தா. "ஒத்த ஆளு வெயிட்டுக்கு படகு மூக்க தூக்கிக்குதோ இன்னாவோ. அந்த ஓட்டை தண்ணிய வுட்டு காத்த உறிஞ்சுதா பாரு."

குணா முகத்துல வெளிச்சம். சாயங்காலமே அதத் தன் கண்டுபிடிப்பா படகுக்காரர் அப்பாவு கிட்ட வெளக்கினான். மண்ணுல கோடு போட்டு.

"அப்போ முன்னாடி ஒரு மணல் மூட்டை வையேன்பா," ன்னாரு அப்பாவு.

வெச்சான். அன்னிக்கும் சாப்பாடு வந்துச்சு. அன்னிக்கும் சூடாச்சு.

"மூட்டை சும்மா கெடக்கும்யா. படகு சாயறப்போ நகந்து குந்த ஆளு வேணும்," ன்னா திலகவதி.

வேற வழி? தை மாசத்து வெயில்ல, முன்னாடி அவ, பின்னாடி அவன். முள்ளு அசையல. எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கினு போச்சு. குணாவுக்குப் பெருமை தாங்கல. முகத்துவாரம் கிட்ட வரும்போது பசிச்சுது.

"கேரியர் எங்க? எஞ்சின் பக்கத்துல காணோமே."

"இங்கதான் மடியில கீது. இன்னிக்கு அங்க வெக்க அவசியம் இல்ல."

"ஏன்?"

"வால்வத் திருப்பற வேலை இல்லியே."

"எந்த வால்வு?"

"அடி ஓட்டையில தண்ணி வுடற வால்வுதான். நம்ம ஊட்டு கேஸ் மாதிரி தான கீது. சாப்பாடு வெக்கறப்போ பாதி திருப்பி சிம்முல வெப்பேன், காலி கேரியர எடுக்கறப்போ தொறந்துடுவேன்."

குணா வாய் தெர்மோஸ்டாட் கணக்கா தொறந்துச்சு.

"அடிப்பாவி. நான் எஞ்சினையே கழட்டிப் போட்டேனேடி."

"ரெண்டு ஆளு ஏறுனா சூடாவும்னு நீதான சொன்ன. ஒத்த ஆளு ஏறுனா இன்னா ஆவும்னு நான் காட்டுனேன்."

படகு அலை மேல ஒரு தபா ஏறி எறங்குச்சு. கடலு.

"எஞ்சின நிறுத்துயா," ன்னா.

"நிறுத்திட்டு எப்டி திரும்பறது?"

அவ எந்திரிச்சா. பொடவைய இடுப்புல சொருகிக்கினு கயித்த இஸ்தா. பாய் மேல ஏறி, காத்த வாங்கி, புடைச்சுக்கிச்சு. குணா எஞ்சின நிறுத்தினான்.

சத்தம் நின்னு போச்சு. எத்தினியோ நாளா அவன் ஏங்கின அதே நிமிசம். படகு அடியில தண்ணி மட்டும் சளக் சளக்னுது. திலகவதி மரத்தப் புடிச்சுக்கினு கடலையே பாத்துக்கினு நின்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. இப்டி ஒரு மொகத்த அவன் அந்த ஊட்டுல ஒரு நாளும் பாத்ததில்ல. வாசல்ல நின்னு மில்லு பொகைக்கூண்டப் பாக்கறப்போல்லாம் இவ இதைத்தான் தேடினாளா?

கொஞ்ச நேரம் குந்திக்கினு இருந்தான். காதுல ஏதோ கொறையுது. இன்னான்னு புரிஞ்சப்போ அவனுக்கே வெக்கமாப் போச்சு.

"திலகா... ஏதாச்சும் பேசேன்."

அவ திரும்பிக்கூடப் பாக்கல.

"கம்முனு கெடய்யா. கடலு பேசறது காதுல வுழல."