ஆடாதீங்கக்காவும் லிஃப்ட் நின்ற காலையும்

ஒரே சொல்லில் நோயாளி, நர்ஸ், பெரிய டாக்டர் என்று எல்லாரையும் கற்சிலையாக்கக்கூடியவர் இந்த மலைநாட்டிலேயே ஒருவர்தான். எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் இருந்தார். சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘ஆடாதீங்கக்கா’.

நான் ஐ.சி.யு. நர்ஸ். அங்கே கிடப்பவர்களைக் கீழே எக்ஸ்ரே அறைக்கு இறக்க முடியாது. அக்காதான் சக்கரம் வைத்த மெசினைத் தள்ளிக்கொண்டு மேலே வருவார். வாசலிலேயே ஒரு சத்தம்: “ஆடாதீங்க!” ஒருமுறை கதவோரம் ஒதுங்கி நின்ற பெரிய டாக்டர் மூக்கைச் சொறிய விரலைத் தூக்கியிருந்தார். படம் எடுத்து முடியும்வரை விரல் அந்தரத்திலேயே நின்றது.

செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவர்களுக்கும் அதே கட்டளைதான்.

“அக்கா, அவங்க நெனப்பில்லாம கெடக்காங்க. எப்புடி ஆடுவாங்க?”

“அத அவங்க சொல்லட்டும். நீ சொல்லாத.”

நோயாளியின் முதுகுக்கடியில் வைக்கும் எக்ஸ்ரே பலகையைச் சுத்தமான துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் வைப்பார். நெனப்பில்லாதவங்களுக்குக் குளிராது என்று யார் சொன்னது என்பார்.

ராகலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் நிமோனியாவோடு வந்திருந்தார். நாலாம் நாள் காலையில் அவருடைய ஒட்சிசன் அளவு மளமளவென்று இறங்கியது. குழாய் நகர்ந்துவிட்டதா, நுரையீரல் சுருங்கிவிட்டதா, படம் பார்க்காமல் கைவைக்க முடியாது என்றார் டாக்டர். அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் நின்றுபோனது. நோயாளி மேலே, ஒரு மாட்டின் பாரமுள்ள மெசின் கீழே.

போன் போட்டேன். “அக்கா, லிஃப்ட் வேல செய்யல.”

“லிஃப்ட்டா படம் புடிக்கிது? நான் வாறேன்.” வைத்துவிட்டார்.

எங்கள் கட்டடம் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்பது. ஐ.சி.யு. இருக்கும் மேல்மாடியின் பின்கதவைத் திறந்தால் ரோடு. ஜன்னல் வழியே பார்த்தேன். கொட்டும் மழையில் அந்தப் பெண்ணின் கணவரும் சொந்தக்காரர்கள் ஐந்து பேரும் ஏற்றத்தில் மெசினைத் தள்ளுகிறார்கள். மெசினுக்குப் படங்கு போர்த்தியிருக்கிறது, அக்காவுக்கு ஒன்றுமில்லை. எதிரே ஒரு மரக்கறி லொறி இறங்கி வந்தது. நடுரோட்டில் கையை விரித்தார் அக்கா. “ஆடாதீங்க!” லொறி அப்படியே நின்றது. டிரைவரும் இறங்கி வந்து தள்ளினார்.

உள்ளே வந்ததும் மெசினைத் துடைத்தார்கள். “சீக்கிரம்!” என்று டாக்டர் கத்தினார். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. “தங்கச்சி, இன்னைக்குப் பலக கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். கோவிச்சுக்காத” என்று அந்தப் பெண்ணின் காதோரம் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார்.

திரையில் வலது நுரையீரல் கசக்கிய காகிதம்போல் ஓரமாகச் சுருங்கிக் கிடந்தது; சுற்றிலும் காற்று. டாக்டர் விலாவில் குழாய் போட்டார். காற்று வெளியேற, இறங்கிய அளவு மெல்ல மெல்ல ஏறியது.

வெளியே கணவர் நடுங்கிக்கொண்டு நின்றார். “பொழைச்சிருவாளாங்க?”

“மூச்சு ஏறுது. மிச்சத்த டாக்டர் சொல்லுவாங்க. நீங்க மொதல்ல தலையத் தொவட்டுங்கண்ணே” என்றார் அக்கா, தன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

அந்தப் பெண் மூன்றாவது வாரம் நடந்தே வீட்டுக்குப் போனார்.

போன வருஷம் அக்காவுக்கு இடமாற்றம் வந்தது. “அப்பாடா, நிம்மதி!” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னவள் நான்தான். பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனவள், அவர் பக்கத்து சீட்டில் நானும் உட்கார்ந்து ஹட்டன்வரை போய்விட்டு வந்தேன்.