பூட்டில் கிடைத்த முப்பாட்டன்

சிலர் பார்த்துப் பார்த்து வீடு தேர்ந்தெடுப்பார்கள். சிலர் வேலை தேர்ந்தெடுப்பார்கள். நான் முப்பாட்டனைத் தேர்ந்தெடுத்தவன். அதுவும் இணையத்தில், பதினான்கு நாள் இலவசச் சந்தாவில். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் வேலை. ஒரு கண்டு நூலில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று கை வைத்தே சொல்லிவிடுவேன். என் மண்டைக்குள் இருந்த முடிச்சு மட்டும் தட்டுப்படவில்லை.

எல்லாம் பெண் பார்க்கப் போன அன்று தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் ராஜபாளையத்துக்குப் போனோம். பெண்ணின் பெயர் பிரிசில்லா. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. (அவளுக்கு எப்போது பிடித்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எதற்கு வம்பு?) அந்த வீட்டுக் கூடத்தில் சுவரே தெரியவில்லை. அவ்வளவு புகைப்படங்கள், எல்லாரும் ராணுவ உடுப்பில். அவர்களுக்குக் கீழே, உயிரோடு, நாற்காலியில் பிரிசில்லாவின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ஹவில்தார். தன் மைத்துனர் மகனுக்கு இந்தப் பெண்ணைக் கேட்டு, கிடைக்காமல் போனவர். அந்தக் கோபம் முழுவதும் மீசையில் இருந்தது.

"உங்க தாத்தா என்ன பண்ணுனாவ?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"வ. புதுப்பட்டியில மாட்டுவண்டி ஓட்டுனாவ."

"வண்டி சொந்தமோ?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "மாடு சொந்தம். வண்டி வாடகை."

"அவியளுக்கு மேல?"

"அதுக்கு மேல தெரியாது."

"அதுக்கு மேல தெரியாதாம்" என்று பெரியப்பா சுவரில் இருந்த ஒரு சுபேதாரிடம் முறையிட்டார். பெண்ணின் அப்பா அண்ணனுக்கு அடங்கின தம்பி. முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தியதைத் தவிர அவரால் வேறு உதவி செய்ய முடியவில்லை. சம்பந்தம் முடிவாகிவிட்டது என்றாலும், திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சுவரில் மாட்ட எங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். எப்படியாவது வேண்டும்.

வீட்டுக்கு வந்தால், கண் எதிரே அந்த மரப்பெட்டி. வண்டி ஓட்டிய கொள்ளுத்தாத்தா விட்டுப்போனது. அதில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு. அதன்மேல் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கும்: எபனேசர் டாப்ளி. பெயருக்குக் கீழே இன்னும் ஏதோ இருந்த தடம் தெரியும், படிக்க முடியாது. கிறிஸ்துமஸ் வந்தால் அம்மா அந்தப் பூட்டைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அவளுக்கு முன்னால் அப்பாவின் அம்மா தேய்த்தாள், அதற்கும் முன்னால் அவளுடைய மாமியார். மூன்று தலைமுறைப் புளியில் கீழ்வரி கரைந்தே போயிருந்தது.

வண்டி ஓட்டிய கொள்ளுத்தாத்தாவின் பெயரும் எபனேசர்தான். எனக்குக் கண் கொஞ்சம் பூனைக்கண். இவை இரண்டும் போதாதா? (போதாது என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் நான் அவரோடு பேச்சை முறித்திருப்பேன்.)

இங்கிலாந்துக்காரர்கள் வேலையற்றவர்களா, பொறுப்பானவர்களா என்று தெரியவில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், வயது எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. அம்புட்டும் இணையத்தில் கிடைக்கிறது. எபனேசர் டாப்ளி என்ற பெயரில் மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருவர் பண்ணைக் கூலி. அவரை உடனே நிராகரித்தேன். இன்னொருவர் மூன்று வயதில் இறந்துவிட்டார், அவரால் எனக்குப் பயன் இல்லை. மூன்றாமவர் பூட்டுத் தொழிலாளி. முதல் கணக்கெடுப்பில் வேலை பழகும் பையன், அடுத்ததில் பூட்டுச் செய்பவர், அதற்கடுத்ததில் ஆறு பேருக்கு வேலை கொடுக்கும் பூட்டுப் பட்டறைக்காரர். நான் அதைத் தமிழில் 'தொழிலதிபர்' என்று எழுதிக்கொண்டேன்.

பூட்டில் பெயர், அந்தப் பெயர்க்காரர் செய்வது பூட்டு. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு யார்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்? நானோ, தாத்தா தன் பெட்டிக்குத் தானே பூட்டுச் செய்து எடுத்துவந்திருக்கிறார், என்ன கைத்திறன் என்று மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு சங்கடம். மனிதர் எல்லாக் கணக்கெடுப்பிலும் அதே ஊரில், அதே தெருவில், அதே வீட்டில் இருந்தார். அடக்கமானதும் அங்கேதான். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கணக்கெடுப்பு பத்து வருடத்துக்கு ஒருமுறைதானே? நடுவில் ஒன்பது வருடம் சும்மா கிடக்கிறதே! அந்த இடைவெளியில் கப்பல் ஏறி, வ. புதுப்பட்டிப் பக்கம் வந்து, ஒரு குடும்பத்தை உண்டாக்கிவிட்டு, அடுத்த கணக்கெடுப்புக்குள் ஓட்டமாக வீடு திரும்பியிருக்கிறார். ஒரு முழு மனிதனின் மானத்தை இப்படி வாங்குகிறோமே என்ற கூச்சம்கூட எனக்கு வரவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்தேன். மண்டப வாசலில் பத்தடிக்கு எட்டடி. உச்சியில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் (யாரென்று தெரியாது, ஃபிளெக்ஸ் கடைக்காரர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டார்), கீழே வம்ச மரம், அடியில் கூலிங் கிளாஸ் போட்ட நான். 'இங்கிலாந்து தொழிலதிபர் எபனேசர் டாப்ளி துரை அவர்களின் வாரிசு' என்று கொட்டை எழுத்தில். அப்பா அதன் அடியில் நடந்துவரக் கூசி, வண்டியை நிறுத்திவிட்டு வரும் பாவனையில் மண்டபத்தின் பின்வாசல் வழியாக வந்தார்.

பெரியப்பா ஃபிளெக்ஸை மூன்று தடவை படித்தார். பிறகு என்னிடம் வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இதுக்கு ஆதாரம் இருக்கா மாப்ளே?"

"இல்லாமலா? எல்லாம் பூட்டுல இருக்கு, பதிவேட்டுல இருக்கு."

"எனக்கு ஒரு காப்பி கொடுங்களேன்."

லேமினேஷன் செய்தே கொடுத்தேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டென்றால் தெரிவியுங்கள் என்று போதகர் கேட்பார். யாரும் தெரிவிக்க மாட்டார்கள். மூன்றாவது ஞாயிறு, என் பெயர் பிரிசில்லாவின் பெயரோடு சேர்ந்து ஒலிப்பதைக் காதால் கேட்க ஆசைப்பட்டு, அம்மாவோடு ராஜபாளையம் ஆலயத்துக்கே போய் உட்கார்ந்திருந்தேன். போதகர் வாசித்து முடித்தார்.

"தடை இருக்குங்க ஐயா" என்று பெரியப்பா எழுந்தார். ஒரு கையில் என் லேமினேஷன். மறு கையில் பச்சை பிடித்த ஒரு பித்தளைப் பூட்டு.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஆலயத்தின் பக்க அறையில் கூடினோம். பெரியப்பா நீதிமன்றத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

"இது எங்க அப்பா பெட்டியில கெடந்த பூட்டு. பேரைப் பாருங்க. எபனேசர் டாப்ளி. பூட்டுல பேரு இருந்ததுனால அவரு மாப்பிள்ளைக்கு முப்பாட்டன். அப்ப எங்களுக்கும் அவருதான் முப்பாட்டன். ஒரே வம்சம். பங்காளி. இந்தப் பிள்ளைக்கு இவரு அண்ணன் முறை வேணும். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் எப்படி ஐயா ஓலை வாசிக்கீக?"

நானே செய்து, நானே லேமினேஷன் போட்ட தர்க்கம். அதில் ஒரு பிசிறுகூட இல்லை.

அம்மா மட்டும் கடைசி முயற்சி செய்தாள். "அண்ணே, அந்தப் பூட்டு உங்க அம்மா பொறந்த வீட்டுல இருந்து வந்ததா இருந்தா? அத்தை வழியில முறைதானே வரும்?"

"எங்க அப்பா வழிப் பூட்டும்மா!"

கல்யாணம் நின்றால் பிரிசில்லாவை அந்த மைத்துனர் மகனுக்குக் கொடுத்துவிடுவார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் பிரிசில்லா வந்து பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"பெரியப்பா, பேரு வரைக்கும்தான் சொரண்டியிருக்கீக. கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கு."

"அது வேண்டாதது. கொடு இங்க."

அவள் கொடுக்கவில்லை. அன்று சபையில் அசனம், எல்லாருக்கும் பொதுச் சாப்பாடு. பின்பக்கம் அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. செத்த நேரத்தில் ஒரு உருண்டைப் புளியோடு வந்தாள். எல்லார் முன்னாலும் தேய்த்தாள். பச்சை விலகி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேய்த்து அழித்த வரி ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழில் சொன்னார்: "பூட்டுச் செய்பவர். ஏற்றுமதிக்கு. எண் ஏழாயிரத்து நானூற்றுப் பதினாறு."

"அப்ப நமக்கு முன்னாடியே ஏழாயிரத்துச் சொச்சம் பங்காளிய இருக்காவ பெரியப்பா" என்றாள் பிரிசில்லா. "எல்லாருக்கும் பத்திரிகை வச்சிருவமா?"

அசனத்துக்கு வந்தவர்கள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். பெரியப்பா அசரவில்லை. "நம்பரு கெடக்கட்டும். மாப்பிள்ளை தன் வாயால சொல்லட்டும். அவரு முப்பாட்டனா, இல்லையா?"

போதகர் ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்தார். "எபனேசர் டாப்ளிக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் தம்பி. தடையை நீக்கிவிடலாம்."

எழுதியிருக்க வேண்டும். உடனே எழுதியிருக்க வேண்டும். பேனாவைத் திறந்தேன். மில்லில் எல்லாரும் இரண்டு வாரமாக என்னை 'துரை' என்று கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. ஃபிளெக்ஸ் நினைவுக்கு வந்தது. அந்தத் தாடி நினைவுக்கு வந்தது. என் கை காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. கடைசியில் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். நிமிர்ந்தபோது பிரிசில்லா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை நிமிசம்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. பெரியப்பா அந்த ஏழாயிரத்து நானூற்றுப் பதினாறாம் பூட்டையே பளபளவென்று தேய்த்துப் பரிசாகக் கொடுத்தார். எங்கள் பீரோவில் இன்றும் தொங்குகிறது. ஃபிளெக்ஸ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிட்டது. அந்தத் தாடிக்காரர் பன்னிரண்டு வருடமாக மழையிலும் வெயிலிலும் ஆகாயத்தைப் பார்த்துக் கிடக்கிறார். அவர் யாரென்று இன்னும் தெரியாது. கண்டுபிடிக்கும் ஆர்வமும் இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் "அரை நிமிஷம் இரு" என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும் கிடையாது. தப்பித் தவறிச் சொன்னால் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்குவார். போன வாரம் கடைக்குக் கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டு வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் மகள் வாசலில் இருந்தே அவள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"யம்மா, அப்பா மறுபடியும் யோசிக்காக! இந்தத் தடவை யாருக்கும் உனக்கும் நடுவுலன்னு கேளு!"