முப்பத்தொரு பேரின் வருகைப் பதிவு

நந்திதுர்க்
14.7.2001

மரியாதைக்குரிய ரூபேஷ் மாமாவுக்கு வாணி எழுதுவது. பெங்களூரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், எனக்கு மட்டும் பயம். எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பதிலை என் தோழி மம்தா வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடியதும் டைம் ஆபீஸ் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் படிக்கும் கம்ப்யூட்டர் சென்டரின் சிரில் சார் பழைய அட்டென்டன்ஸ் மெஷினை வாங்கி, கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் இணைத்து, என்னை மூன்று மாட்யூலாக, அதாவது மூன்று பகுதியாக, புரோகிராம் எழுதச் சொன்னார். கார்டின் எண்ணை வாங்குவது முதல் மாட்யூல், பெயரைக் காட்டி மெஷினில் பச்சை விளக்கை எரிப்பது இரண்டாவது, வந்த நாளை ஃபைலில் சேமிப்பது மூன்றாவது. சோதித்துப் பார்க்க அப்பாவைக் கார்டுடன் கூட்டிப் போனேன். போர்ட்டின் வேகத்தைத் தப்பாகக் கொடுத்திருந்ததால் திரையில் கோடும் வட்டமுமாக வந்தது. "இருவத்தாறு வருசம் கார்டு போட்டேன், இன்னா, என்னை யாருன்னே தெரியலையா இதுக்கு?" என்றார் அப்பா. வேகத்தைத் திருத்தியதும் அப்பா பெயரோடு 'சம்பங்கி, முதல் ஷிப்ட்' என்று வந்தது. அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முகம் மழித்து, டிபன் கேரியரோடு சென்டருக்கு வந்துவிட்டார், கூடவே அவர் நண்பர் தங்கவேலு அங்கிளும் வந்தார், அப்புறம் ஐந்து பேர், பத்துப் பேர், இப்போது முப்பத்தொரு பேர் கார்டு போட வரிசையில் நிற்கிறார்கள், எல்லார் பெயரையும் நான்தான் டைப் செய்து சேர்த்தேன். பிந்தி வருகிறவரை, "சாருக்கு இன்னிக்கு அரை நாள் கட்" என்று கேலி செய்கிறார்கள். பிறகு மதில் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட் முடியும் இரண்டு மணிக்குச் சரியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

நேற்று தங்கவேலு அங்கிள், "எல்லார் அட்டென்டன்ஸும் பிரிண்ட் எடுத்துக் குடும்மா. வர்ற வெள்ளிக்கெழமை மைன்ஸைத் திறக்கச் சொல்லி மனுவோட கோலார் கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துன்னு போறோம். மைன்ஸ் திறந்தா ரெகுலரா வந்தவங்களுக்குத்தான் மொதல்ல வேலை" என்றார்.

மாமா, வந்த நாளைச் சேமிக்கும் அந்த மூன்றாவது மாட்யூலை நான் எழுதவே இல்லை. விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். நாற்பது நாளாக ஒருவரும் வரவில்லை என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லும். நீங்கள் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், போன நாட்களையும் சேர்த்து எழுத வழி இருந்தால் சொல்லுங்கள். அது பொய்க் கணக்கா என்றும் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் வந்தது நிஜம்.

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

உங்கள் ஆசியை வேண்டும்,
வாணி

பி.கு.: மாமா, வழி எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம். அப்பா பின்னால் நின்று முழுவதும் படித்துவிட்டார். அடிக்கவில்லை. "ஒண்ணும் சேவ் ஆகலைன்னு மொத வாரமே சிரில் சார் சொல்லிட்டாரும்மா. தங்கவேலுவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ படு" என்றார். படுக்கப் போனவர் திரும்பி வந்து, "அஞ்சரைக்கு என்னை எழுப்பிடு, லேட்டாயிடப் போவுது" என்றார்.